சோடா பாட்டிலும் ஊட்டி முகிலறையும்



இது ஒரு பழைய கடன். திண்டிவனம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அணுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எலக்ட்ரான், புரோட்டான் எல்லாம் வரைந்து முடித்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "கண்ணுக்கே தெரியாததை எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்றான். எனக்குத் தெரியாது. "பரீட்சைக்கு அது வராது, உட்காருடா" என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் அண்ணன் பேத்தியின் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பதில் கிடைத்தது. கிளவுட் சேம்பர், தமிழில் முகிலறை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நன்றாகக் குளிர்ந்த சோடாவை உடைக்கும்போது பாட்டில் கழுத்தில் மெல்லிய புகை எழும், பார்த்திருப்பீர்கள். அது புகை அல்ல, முகில். அடைபட்ட வாயு சட்டென்று விரிந்தால் குளிரும். அதிலுள்ள நீராவி பொடித்துளிகளாகும்.

ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன் 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் இருந்தார். மூடுபனியில் வெயில் பட்டுத் தெரிந்த வண்ண வளையங்களில் மயங்கி, கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கண்ணாடிக் கலத்துக்குள் முகில் உண்டாக்கத் தொடங்கினார். சோடா பாட்டில் வித்தைதான். துளி உருவாக ஒரு பிடிமானம் வேண்டும். சாதாரணமாக அது தூசி. தூசியை முழுக்க நீக்கிவிட்டு, காற்றை இன்னும் அதிகமாக விரித்தார். அப்போதும் துளிகள் வந்தன! அவை அயனிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. மின்னூட்டம் பெற்ற துகள் காற்றில் பாய்ந்தால் வழிநெடுக அயனிகளை விட்டுச்செல்லும். அவற்றின்மேல் துளிகள் படிந்தால் துகள் போன தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். உயரத்தில் விமானமே தெரியாமல் அதன் பின்னால் வெள்ளைக் கோடு மட்டும் தெரியுமே, அப்படி. 1911இல் அந்தத் தடங்களைப் படம் பிடித்தார். 1927இல் நோபல் பரிசு.

எனக்கு மிகவும் பிடித்தது 1932இல் கார்ல் ஆண்டர்சன் அமெரிக்காவில் செய்தது. முகிலறையைக் காந்தத்துக்குள் வைத்தார். எலக்ட்ரான் ஒரு பக்கம் வளையும். ஒரு படத்திலோ, எலக்ட்ரான் போலவே மெல்லிய கோடு, ஆனால் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா? அது தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. நல்லவேளை, நடுவே ஒரு ஈயத் தகடு வைத்திருந்தார். தகட்டைத் துளைத்ததும் துகளின் வேகம் குறையும். குறைந்தால் இன்னும் அதிகமாக வளையும். எந்தப் பக்கம் வளைவு அதிகமோ அந்தப் பக்கம்தான் அது போயிருக்கிறது. பாசிட்ரான் அகப்பட்டது இப்படித்தான். காலடித் தடத்தைப் பார்த்து மாடு போன திசையைச் சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆண்டர்சன் பிடித்தது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டான துகள். மலைமேல் ஏறினால் தலைக்குமேல் காற்று குறைவு; அதிக ஆற்றலுள்ள துகள்கள் கூடுதலாகக் கிடைக்கும். அதற்காகவே ஹோமி பாபாவின் டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் ஊட்டியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தது. பி.வி. ஸ்ரீகண்டன் முதலானோர் உலோகத் தகடுகள் அடுக்கிய பெரிய முகிலறையை அங்கே இயக்கினார்கள். தகட்டுக்குத் தகடு துகள் உடைந்து பெருகுவது படத்தில் விழும். எண்ணிப் பார்த்து அதன் ஆற்றலைக் கணக்கிடலாம்.

மூன்று முறை மாணவர்களை ஊட்டிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். பூங்கா, படகு, வர்க்கி. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல!

இப்போது அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வகம் இருக்கிறது. முகிலறைக்குப் பதில் புதுக் கருவிகள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். எப்படி? மேகத்தைக் கடந்து வந்த மியூயான் துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்து. வில்சன் முகிலை வைத்துத் துகளைப் பார்த்தார். இவர்கள் துகளை வைத்து முகிலை அளந்துவிட்டார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். தம்பி, இதைப் படித்தால், அன்று நான் கேட்கவிடாத அடுத்த கேள்வியைக் கீழே எழுது.