சங்கிலியோடு வந்த தாத்தா

“உன் தாத்தாவோட தாத்தா சங்கிலி போட்டு கப்பல்ல வந்தவருடா.”

பாட்டி இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். என்ன குற்றம் என்று கேட்டால் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் காடு வெட்டி ரப்பர் கன்று நட்ட காலத்தில் அவர் வந்தார் என்பது மட்டுமே வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி.

பாட்டி இறந்த பிறகு தேடத் தொடங்கினேன். நான் படித்தது பொறியியல். தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க மட்டும் தெரியும்.

இந்தியக் கைதிகள் 1790 வாக்கிலேயே பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். 1802-இல் தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பலில் பாளையக்காரர் போரில் பிடிபட்டவர்கள் இருந்தார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவன். சிறுவன். 1818-இல் பினாங்கில் அவரைச் சந்தித்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை. முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தவர், தளர்ந்த கிழவராக அவர் முன்னால் நின்றார்.

1825-இல் சென்னை மாகாணக் கைதிகள் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். சாலை போட்டார்கள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் 1849-இல்தான் ஒழிந்தது. 1873-இல் மிச்சமிருந்த கைதிகளை அந்தமானுக்கு மாற்றிவிட்டு இந்த ஏற்பாட்டையே மூடிவிட்டார்கள்.

கணக்கு உதைத்தது இங்கேதான். சிலாங்கூருக்கு முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்ததே 1875-இல். ரப்பர் பரவியது 1900-க்குப் பிறகு. எங்கள் தாத்தா நாடுகடத்தப்பட்ட கைதியாக வந்திருக்க வழியே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். “பாத்தியா, நம்ம குடும்பத்துல அப்படியெல்லாம் யாரும் இல்ல” என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிறகு அவரே கேட்டார்: “அப்ப எதுக்குடா அம்மா சங்கிலின்னு சொல்லிட்டே இருந்தாங்க?”

அதற்குப் பதில் சட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் வந்த வழிகளில் ஒன்று சஞ்சிக்கூலி முறை. கப்பல் கட்டணமே கடனாகும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் அது வெறும் ஒப்பந்த மீறல் அல்ல, குற்றம். போலீஸ் பிடிக்கும், மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பலாம். 1910-இல்தான் புதிய சஞ்சி ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன.

வேலையிடத்தை விட்டு நடந்துபோனதற்காக ஒருவனைச் சிறையில் வைத்தால், அவன் வீட்டார் பேரப்பிள்ளைகளிடம் என்ன சொல்வார்கள்? நான் போன மாதம்கூட ஒரு வேலையிலிருந்து ராஜினாமா செய்தேன். ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறைத்தது. விடுதலையான கைதிகளில் பலர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே மணமுடித்து, உள்ளூர் மக்களோடு கலந்துவிட்டார்கள். உண்மையான சங்கிலித் தாத்தாக்களின் வாரிசுகள் இன்று தமிழ் தெரியாமல்கூட இருக்கலாம். அவர்களுக்கு இந்தக் கதையே போய்ச்சேராமல் இருக்கலாம். கதையைக் காத்துவைத்தது எங்கள் பாட்டி.

பாட்டி தேதியில் தவறியிருக்கலாம். ஆனால் தாத்தாவின் குற்றம் என்னவென்று அவருக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. சொல்வதற்கு அப்படியொரு குற்றமே இருந்திருக்காது.

அடுத்த கல்யாணத்தில் இந்தப் பேச்சை நானே எடுக்கப்போகிறேன். அப்பா எழுந்து போகமாட்டார் என்று நினைக்கிறேன்.