ஒரு ஒலிம்பிக்குக்காகக் கொடுத்த குடியுரிமை

ரஷ்யக் கொடியின் கீழ் ஒரு ஜப்பானியப் பெண் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடியது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவர் பெயர் யூகோ கவாகுட்டி.

1998 நாகானோ ஒலிம்பிக்கில் எலெனா பெரெஷ்னயா, ஆன்டன் சிகாருலிட்ஸே என்ற ரஷ்ய ஜோடி வெள்ளி வென்றது. அந்த ஆட்டத்தில் மனதைப் பறிகொடுத்த யூகோ, அவர்களுடைய பயிற்சியாளர் தமாரா மோஸ்க்வினாவையே தேடிப் போனார். முதலில் ஜப்பானுக்காகவும், பிறகு அமெரிக்காவுக்காகவும் ஆடினார். கடைசியில் அலெக்சாண்டர் ஸ்மிர்னோவுடன் சேர்ந்து ரஷ்யாவுக்காக ஆடினார்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறீர்களா? உலகப் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஜப்பானியச் சட்டமோ, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் பிறந்த நாட்டு உரிமை போய்விடும் என்கிறது. யூகோ ரஷ்யக் குடியுரிமை பெற்றார்.

2010 வான்கூவர். 1964 முதல் ஜோடிப் பிரிவில் சோவியத், ரஷ்ய அணிகள் ஒருமுறைகூடத் தங்கத்தைத் தவறவிட்டதில்லை. அந்தச் சுமையும் அவர் தோளில். முதல் சுற்றில் மூன்றாம் இடம். முடிவில் நான்காம் இடம். வெண்கலம் ஜெர்மனிக்குப் போனது. அதை வென்ற அல்யோனா சாவ்சென்கோவும் உக்ரைனில் பிறந்து நாடு மாறியவர்தான்!

2013-இல் ஸ்மிர்னோவுக்குக் காயம். சோச்சி வாய்ப்பும் போயிற்று. 2010, 2015 ஐரோப்பியப் பட்டங்கள் கிடைத்தன. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

"பதக்கத்துக்காக நாடு மாறினார்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடியுரிமையை முதலில் கொடுத்தாக வேண்டும். பதக்கத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.