காத்தான்குடியின் உட்பிணக்கும் ஆவணப்படத்தின் எல்லையும்

1. ஆய்வுப் பொருள்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டோரில் பலர் சிறுவர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே வாவிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த காத்தான்குடியைச் சேர்ந்தவர். தேசிய தௌஹீத் ஜமாஅத்தின் நிறுவுநர்.

2023 செப்டெம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 இத்தாக்குதல் பற்றிய ஆவணப்படமொன்றை ஒளிபரப்பியது. சஹ்ரானின் குழுவின் பின்னால் நின்றவர் யாரென்று தேடும் படம், குழுவின் உள்ளே போகாமல் முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. படம் முன்வைப்பது

பிள்ளையான் எனப்படும் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தனின் முன்னாள் உதவியாளர் ஆசாத் மௌலானாவே படத்தின் முதன்மைச் சாட்சி. பிள்ளையான் மட்டக்களப்புச் சிறையில் இருந்தபோது சஹ்ரானின் ஆட்களோடு ஏற்பட்ட தொடர்பின் வழியே, 2018இல் புத்தளம் பகுதியில் அவர்களுக்கும் இராணுவப் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சலேக்கும் சந்திப்பொன்றைத் தாம் ஏற்பாடு செய்ததாக மௌலானா கூறினார். பிள்ளையானும் சலேயும் இதை மறுத்தனர். ஆகவே இது விசாரணைக்குரிய குற்றச்சாட்டு, நிறுவப்பட்ட முடிவன்று.

3. படத்துக்கு முந்திய வரலாறு

3.1 பத்வா

இறைவனையும் படைப்பையும் பிரித்துப் பாராத 'வஹ்ததுல் வுஜூத்' என்ற சூபி ஞானக் கொள்கையைப் போதித்த காத்தான்குடி அப்துர் ரஊப் மௌலவியையும் அவரைப் பின்பற்றியோரையும், 1979இல் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 'முர்தத்'துகள், அதாவது மதம் மாறியோர், எனப் பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வழங்கியது.

3.2 வன்முறை

'பயில்வான்' என அறியப்பட்ட அப்துல்லாஹ்வின் தரீக்கத்துல் முப்லிஹீன் என்ற சூபிக் குழுவும் எதிர்ப்புக்குள்ளானது. 2004இல் சூபிகளின் வீடுகள் தாக்கப்பட்டன. 2006இல் பயில்வான் காலமானபின், அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டது.

3.3 அலியார் சந்தி

2017 மார்ச் 10ஆம் திகதி, அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் ரஊப் மௌலவியின் ஆதரவாளரோடு வாளேந்தி மோதினர். சஹ்ரான் தலைமறைவானார், அவரது உறவினர் சிலர் சிறை சென்றனர்.

4. பகுப்பாய்வு

முதலாவது, படம் சொல்லும் சிறைத் தொடர்பே, மோதலுக்காகச் சிறை சென்றோர் வழி வந்ததால், அலியார் சந்தி மோதலின் பின்விளைவு. மோதலை விளக்காமல் தொடர்பை மட்டும் காட்டினால், வேரை விட்டுக் கிளையைக் காட்டியதாகும்.

இரண்டாவது, சஹ்ரானின் வன்முறையை முதலில் அனுபவித்தவர்களும் அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே. 2019 ஏப்ரல் 4இல் இந்தியப் புலனாய்வு எச்சரிக்கை வருமுன்னரே ஊர் எச்சரித்திருந்தது. இதை மறைக்கும் சித்திரிப்பு, 2019 மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்த பொதுச் சந்தேகத்துக்கே துணைபோகும்.

மூன்றாவது, சூபிக் கொள்கையை மறுத்த தௌஹீத்வாதிகள் அனைவரும் வாளெடுக்கவில்லை. சஹ்ரானை அவர் படித்த ஜாமியத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியே வெளியேற்றியது. கொள்கை மறுப்பையும் கொலைத் திட்டத்தையும் பிரித்துக் காட்டுவது ஆவணப்படத்தின் கடமை. ஆனால், ஒரு சாராரை மார்க்கத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தபின் அவர்களைத் தாக்குவது எளிதானது என்பதையும் அது சொல்லியாக வேண்டும்.

5. முடிவு

சதி இருந்ததா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும்; அந்த விசாரணை தாமதமின்றி நடக்கவேண்டும். படமெடுப்போர் காத்தான்குடிக்குச் சென்று, தாக்கப்பட்ட சூபிக் குடும்பங்களையும், சஹ்ரானை மறுத்த தௌஹீத்வாதிகளையும், பிள்ளைகளை இழந்த சீயோன் பெற்றோரையும் ஒரே படத்தில் பேசவிட வேண்டும். மறைவில் நின்றவரின் பெயர் தெரிந்தால் ஒரு குற்றவாளி அகப்படுவார். அண்டை வீட்டாரை வெட்டத் துணிந்தவர்களை அரசு இரண்டு ஆண்டுகள் ஏன் தடுக்கவில்லை என்பது தெரிந்தால், அடுத்த தாக்குதலைத் தடுக்க வழி பிறக்கும்.