தங்கவயலின் நீரும் குழந்தையின் பல்லும்

கோலார் தங்கவயல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பூமியின் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த பொன்னேயாகும். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அவர்கள் உழைத்தனர். 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னின் வரலாற்றைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். அம்மக்கள் பருகிய நீரின் வரலாற்றையும், அது பல்லில் எழுதும் எழுத்தையும் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

குழந்தைக்கு ஆறு, ஏழு வயதில் புதிய முன்பற்கள் முளைக்கின்றன. சில ஊர்களில் அவை சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளுடனோ, பழுப்புக் கோடுகளுடனோ தோன்றுகின்றன. “பல் துலக்காத பிள்ளை” என்று பெற்றோர் கடிந்து கொள்கின்றனர். செங்கற்பொடியும் உமிக்கரியும் கொண்டு அழுந்தத் தேய்க்கின்றனர். கறை போவதில்லை, பல்லின் மேற்பூச்சாகிய எனாமல்தான் தேய்கிறது. பிழை பிள்ளையினுடையதன்று என்பதை அப்பெற்றோர் அறியார்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1901 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர் வந்தார். அவ்வூர் மக்கள் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருக்கக் கண்டு வியந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் கறை இருந்தது. வளர்ந்தபின் வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருந்தது மற்றொரு வியப்பு. 1923 ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். புதிய குழாய் நீர் வந்தபின்னரே தம் மக்களின் பற்கள் கெட்டன என்று அவ்வூர்த் தாய்மார் கூறினர். அந்நீரை விட்டு வேறு நீரைக் கொள்ளுமாறு மெக்கே அறிவுரை கூறினார். அதன்பின் சில ஆண்டுகளில், இளைய குழந்தைகளுக்கு முளைத்த பற்கள் தூயனவாக இருந்தன. நீரிலுள்ள புளோரைடு என்னும் உப்பே காரணம் என்று 1931 ஆம் ஆண்டில் சர்ச்சில் என்னும் வேதியியலறிஞர் கண்டறிந்தார்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி பிந்திவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், மிகுந்த புளோரைடு பல்லை மட்டுமன்றி எலும்பையும் தாக்கி, முதுகையும் மூட்டுகளையும் விறைக்கச் செய்வதை 1937 ஆம் ஆண்டில் ஷார்ட் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர்.

அப்படியாயின் புளோரைடு நஞ்சா? அளவே இங்கு விடை. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருப்பின் அது பல்லைச் சொத்தையினின்று காக்கும். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தார் தம் குடிநீரில் அதனை அளவாகச் சேர்த்தனர்; அங்கே குழந்தைகளின் பற்சொத்தை பாதிக்கும் மேலாகக் குறைந்தது. ஆனால் 1.5 மில்லிகிராமைக் கடந்த நீர் குடிப்பதற்குத் தகாதென்பது நம் நாட்டு வரையறை.

இனித் தங்கவயலுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலாற்று நீரைத் தேக்கிய பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்க நகருக்குக் குழாய்வழி குடிநீர் வந்தது. மழையால் நிரம்பும் ஏரி நீரில் புளோரைடு பெரும்பாலும் குறைவு. பின்னாளில் கோலார் மாவட்டமெங்கும் ஏரிகள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆயிரம் அடியைக் கடந்தும் துளையிட்டனர். கருங்கல்லிடையே நெடுங்காலம் தங்கிய நீர், அக்கல்லிலுள்ள புளோரைடைக் கரைத்துக் கொள்கிறது. இன்று அம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இக்குறை உடையது. பொன்னைத் தந்த கோலார் மண்ணின் பாறைகளே இதனையும் தருகின்றன.

நம் முன்னோர் விட்டுவந்த ஊர்களிலும் இத்துன்பம் உண்டு. பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளுக்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013 ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே, தருமபுரியில் வளர்ந்த தந்தையின் பல்லில் கறை இருக்க, ஏரி நீர் பருகி வளர்ந்த மகனின் பல் வெண்மையாக இருக்கலாம். அது குலத்தின் குணமன்று. குழந்தைப் பருவத்து நீரின் குணம்.

நிலைத்த பற்களின் எனாமல் பிறப்பையொட்டி உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ எட்டு வயதிற்குள் ஈறினுள்ளேயே முற்றுப் பெறுகிறது. அதற்குமேல் அது வளராது; கெட்டால் மீளாது. எனவே பெற்றோர் காக்க வேண்டிய காலம் பல் முளைக்கும் முன்னரே தொடங்குகிறது. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் பயனில்லை. நாம் குடியேறிய ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரே குடிநீராயின், அதனை ஒருமுறை சோதித்தறிவது கடமை. அளவு மிகுந்திருப்பின், குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமேனும் தூய்மையாகச் சேமித்த மழைநீரையோ, புளோரைடு நீக்கிய நீரையோ கொள்ளலாம். பற்பசையைச் சிறு குழந்தை விழுங்காமல் உமிழக் கற்பிக்க வேண்டும். முன்பே விழுந்த கறையை மறைக்கப் பல் மருத்துவரிடம் வழியுண்டு. தங்கவயலிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியென்று போற்றிய மரபு நம்முடையது. குச்சியோடு நீரையும் எண்ணிப் பார்ப்போமாக. பிள்ளையின் பல்லில் கறையைக் காணும்போது, அவனைக் கடிந்து கொள்ளுமுன் வீட்டுக் குடத்து நீரைச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.