கஞ்சித்தொட்டியும் அஞ்சு கட்டமும்

ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னும் 'கஞ்சித்தொட்டி'ன்னுதான் சொல்றாங்க. 1782 பஞ்சத்துல மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்தின கதை அது. இன்னைக்கு மயக்கம் போட்டு விழுந்தவங்களை அங்க கூட்டிட்டுப் போனா, சீக்கிரமே ஈசிஜி எடுப்பாங்க.

1887-ல லண்டன்ல அகஸ்டஸ் வாலர் மனுஷ இதயத்தோட மின்சாரத்தை உடம்புக்கு வெளியிலிருந்தே பதிவு பண்ணார். அதைத் துல்லியமாக்கின ஐந்தோவனுக்கு 1924-ல நோபல்.

அந்தத் தாள்ல முதல் சின்ன மேடு தொடங்கி, கூர்முனை தொடங்குற வரைக்கும் மூணுலேர்ந்து அஞ்சு சின்னக் கட்டம் இருக்கணும். அதிகமானா, மின்சாரம் வழியில தாமதமாகுது. எங்க தாமதம்? பேஸ்மேக்கர் வேணுமாங்கிறதுக்கு இதுவும் முக்கியம். ஆனா நடுவுல இருக்கிற 'ஹிஸ் கற்றை'யோட சிக்னல் ரொம்பச் சின்னது, தாள்ல தெரியாது. 1969-ல ரத்தக்குழாய் வழியா கம்பி விட்டுப் பதிவு பண்ற சுலபமான முறை வந்தது.

1973-ல கம்பியே இல்லாம நெஞ்சு மேலிருந்து பிடிச்சாங்க. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி இரைச்சல்ல நண்பன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றான்னு வைங்க. எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா இரைச்சல் கரையும், வார்த்தை நிக்கும். நிறைய துடிப்புகளை அப்படித்தான் அடுக்கினாங்க.

இடத்தை உறுதியா சொல்ல இன்னும் கம்பிதான். ஆனா சந்தேகத்தை முதல்ல கிளப்புறது அந்த அஞ்சு கட்டம்தான்.