திருகிக் கழற்றும் விளக்கு

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் கம்மாளர்கள் வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்கு, பார்வைக்கு ஏக வடிவமாய் நிற்பினும், அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகுமரையால் இணைக்கப்பட்டதாதலின், தட்டு நசுங்கினால் தட்டை மாத்திரம் மாற்றிக்கொண்டு, பாட்டியின் சீதன விளக்கையே பேத்தியும் ஏற்றி வரலாயிற்று. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை நியமித்து, செல்பேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம், விவசாயக் கருவி ஆகியவற்றுக்கு உதிரி பாகமும் கையேடும் கிடைக்க வழிதேடிற்று என்று படித்தபோது, எனக்கு அந்தத் திருகுமரைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பித்தளைப் பாத்திரத்துக்கோ ஆயுள் ஈயத்தில் இருந்தது. உட்பூச்சு தேய்ந்து, வைத்த குழம்பில் களிம்பு தட்டத் தொடங்கினால், 'ஈயம் பூசறது!' என்ற குரலுக்காக வீட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். ஈயம் பூசுபவன் வந்து, மரநிழலில் குழி தோண்டித் துருத்தி பொருத்தி, கரிநெருப்பில் பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவ, வெண்புகை மூக்கை அரிக்கும். வெள்ளீயத்தை ஓரிடத்தில் தொட்டுப் பழந்துணியால் சுழற்றித் துடைத்தானென்றால், கறுத்த உட்புறம் க்ஷணத்தில் வெள்ளியாகிவிடும். கூலி பாத்திரத்தின் அளவைப் பொறுத்தது, பேரம் உண்டு. எவர்சில்வர் பெருகிய பின் அக்குரல் தெருவுக்கு வருவது அருகிற்று.