செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட், மொகாலி

சண்டிகரை ஒட்டிய மொகாலியில் இந்திய அரசு நிறுவிய சில்லுத் தொழிற்கூடம் இது. சுருக்கமாக எஸ்.சி.எல். ஆய்வும் உற்பத்தியும் ஒரே வளாகத்தில் நடந்தன. 1984இல் உற்பத்தி தொடங்கியது, 1989இல் தீக்கிரையானது. முதல் வாழ்வு ஐந்தே ஆண்டுகள்.

1970களின் பிற்பகுதியில் திட்டம் உருவானது. அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திடமிருந்து சில்லின் கோடுகளை 5 மைக்ரான் பருமனில் வரையும் தொழில்நுட்பம் வாங்கப்பட்டது. வாங்கியதோடு பொறியாளர்கள் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளிலேயே 0.8 மைக்ரான் வரை முன்னேறினார்கள். கடிகாரச் சில்லுகள், நுண்செயலிகள் வெளிவந்தன. பள்ளிகளின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக, பிபிசி மைக்ரோ கணினி இங்கே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரானது. இன்று உலகின் அதிநவீனச் சில்லுகளில் பெரும்பகுதியைத் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி தொடங்கப்பட்டதே 1987இல்தான். மொகாலி மூன்றாண்டு முந்திக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

சில்லு செய்யும் அறையில் தூசுக்கு இடமில்லை. சிலிக்கான் வட்டில் மீது ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தடவி, மஞ்சள் விளக்கின் கீழேதான் வேலை செய்வார்கள்; வேறு ஒளி பட்டால் பூச்சு கெட்டுவிடும். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். அங்கே வரையப்பட்ட கோடோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று விழுந்தாலும் அந்தச் சில்லு வீண். அப்படிப்பட்ட கூடத்தில்தான் 1989 பிப்ரவரி 7 அன்று தீ பரவியது. கரும்புகை போன இடத்தில் எந்த இயந்திரத்தை மீட்பது? தீயின் காரணம் இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை.

கருவிகளைத் திரும்ப வாங்கலாம். போன காலத்தை வாங்க முடியாது. இழப்பைக் கோடிக்கணக்கில் மட்டும் சொல்வது போதாது என்பதற்கு இதுவே காரணம். 1997இல் கூடம் மறுபடி இயங்கியபோது இன்டெலின் பென்டியம் 2 நுண்செயலி 0.35 மைக்ரானில் சந்தைக்கு வந்துவிட்டது. எட்டாண்டு இடைவெளி, அந்தத் துறையில் பல தலைமுறைகளுக்குச் சமம்.

2006இல் வணிக நிறுவனம் என்ற நிலை முடிந்தது. செமிகண்டக்டர் லேபரட்டரி என்ற பெயரில் விண்வெளித் துறையின் ஆய்வகமாயிற்று; பின்னர் மின்னணு அமைச்சகத்தின் கீழ் வந்தது. இஸ்ரேலின் டவர் நிறுவனம் தந்த 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், அதாவது 0.18 மைக்ரானில், 8 அங்குல வட்டில்களில் வேலை நடக்கிறது. கைப்பேசிக்கு இது பழைய அளவு. ராக்கெட்டுக்கு வேகத்தைவிட உறுதியே பெரிது. ஏவுகலங்களுக்காகத் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தோடு சேர்ந்து இங்கே உருவான 32 பிட் நுண்செயலி விக்ரம் 3201, 2025இல் வெளியிடப்பட்டது. உறைநிலைக்குக் கீழே 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி செல்சியஸ் வரை அது தாங்கும்.